பெட்டிக்குள் விட்ட இடம்

பூபதிக்குப் பேச்சுப் பெட்டி கட்டிய அன்று டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் சுகந்தி. எந்தக் கேபிள் எங்கே போகிறது, எதை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதனால்தான் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு அவள் நினைத்ததுண்டு. ஆனால் புருஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் டார்ச் பிடிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

கட்டியவள் நிலோஃபர். சிங்காரத்தோப்பில் கடை வைத்திருந்தாள். ஒரு காலத்தில் கேம் ஆடும் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் கட்டிக்கொடுத்தவள். இப்போது திருச்சியில் வாயடைத்துப் போனவர்களில் பாதிப் பேர் அவள் கட்டிய பெட்டிகளின் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரின் முன்னால் காலி கேபினட்டையும் பின்னால் ஒரு பெரிய பையையும் வைத்துக் கொண்டுவந்து, தரையில் பாய் விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். கைதான் வேலை செய்தது. வாய் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

செங்கல்லைவிடப் பெரிதாக ஒரு கார்டை எடுத்து உள்ளே பொருத்தினாள். "இதுதான்க்கா சாரோட நாக்கு. கரண்டு நெறைய குடிக்கும். குடிச்சதையெல்லாம் சூடாத் துப்பும். காத்து முன்பக்கம் உள்ள வந்து பின்பக்கம் வெளிய போயிட்டே இருக்கணும். நடுவுல எதுவும் குறுக்க நிக்கக் கூடாது. கல்யாண வீட்டு வாசல் மாதிரி."

"கல்யாண வீட்டு வாசல்ல எல்லாரும் குறுக்கதான நிப்பாங்க" என்றாள் சுகந்தி.

"அதான் அங்க அவ்வளவு புழுக்கம்."

கார்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள் விரல் தடிமன் இருந்தது. அதன் பிளக் கார்டின் விலாவில் செருகிக்கொண்டது. பிளக்குக்கும் கேபினட்டின் மூடிக்கும் நடுவே ரொம்பக் கொஞ்ச இடம்தான். கேபிள் பிளக்கிலிருந்து இரண்டு விரல் அகலமாவது நேராகப் போக வேண்டும், அதற்கப்புறம்தான் திரும்ப வேண்டும் என்று நிலோஃபர் விளக்கினாள். மூடி அதை அழுத்தினால் பிளக் சாயும். சாய்ந்தால் பாதிப் பிடிப்பில் நின்று சூடேறும். பிறகு கருகும். அதனால் கேபிளைப் பின்பக்கத் தகட்டுக்கு அப்பால் கொண்டுபோய், வெள்ளைப் பிளாஸ்டிக் டேகுகளால் இழுத்துக் கட்டி, மிச்ச நுனிகளை நறுக்கினாள். மூடியபோது உள்ளே பார்க்க ஒரு காலி அறை போல இருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு, ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெரிய மெஷினை வைத்து நெட்டில் அனுப்பினால் ஆகாதா என்று சுகந்தி கேட்டாள்.

"மனுசன் நெனைக்கறது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சட்டம்க்கா. நகலும் எடுக்கக் கூடாது. சார் மண்டைக்குள்ள நடக்கறது உலகத்துலயே இந்த ஒரு பெட்டிக்குத்தான் புரியும். இது கருகிச்சுன்னா…" கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிலோஃபர் வேறு பேச்சுக்குப் போனாள்.

சுகந்திக்குத் தெரிந்த விஷயம்தான். பக்கவாதம் பூபதியின் வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மண்டைத் தோலுக்குக் கீழே ஒரு வலை வைத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவர் ஒவ்வொரு சொல்லாக நினைக்க, வலையிலிருந்து வந்ததை அந்தப் பெட்டிக்கான நினைவுத் தட்டு படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் அப்படிச் சொல்லிக்கொடுக்க அந்த மூளையில் தெம்பு இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரலைப் பழைய போன் பதிவுகளிலிருந்து எடுத்துச் செய்தார்கள். இருந்ததே இந்த ஒரு குரல்தான். அது இந்த ஒரு பெட்டியில்.

பூபதி கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். கடன் கிடையாது என்பதைக்கூட எதிரே இருப்பவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை தள்ளிவைத்துச் சொல்வார். எதற்கும் பதில் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பது அவர் வழக்கம். துடைத்து மாட்டிய பிறகுதான் வாய் திறக்கும். கல்யாணமான புதிதில் சுகந்திக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த இடைவெளிக்குள் அடுப்பைக் குறைத்துவிட்டு வரப் பழகிக்கொண்டாள்.

பெட்டிக்குக் கண்ணாடி கிடையாது. முதல் வாரமே அது தெரிந்துவிட்டது.

பூபதியின் அக்கா கலாவதி பாயசத் தூக்குடன் வந்தாள். வாசலில் செருப்பை விடும்போதே பெட்டி பேசியது: "அக்கா வந்துட்டா. அழுவா. மூக்கைச் சிந்தி போர்வையில தொடைப்பா. எப்போ போவா." கலாவதி தூக்கை வைத்துவிட்டு, கொண்டுவந்த கண்ணீர் முகத்தில் நின்றபடியே திரும்பிப் போனாள். அப்புறம் வரவில்லை. பூபதி கண்களை இறுக மூடிக்கொண்டார். சுகந்திக்கு உள்ளே எங்கோ கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இருந்ததை அவள் கவனித்தும் வைத்தாள்.

பெட்டியைக் கொஞ்சம் தாமதித்துப் பேச வைக்க முடியாதா என்று நிலோஃபருக்குப் போன் செய்து கேட்டாள். முடியாது என்று பதில் வந்தது. வேறோர் ஊரில் ஒரு மகன் தகப்பனின் பெட்டியில் தாமதம் வைத்து, தனக்குப் பிடிக்காத வாக்கியங்களை வெளியே வருமுன் அழித்துக்கொண்டிருந்தானாம். வழக்கு நடந்து, ஒருவர் பேச்சை இன்னொருவர் ஒரு நொடிகூட நிறுத்திவைக்கக் கூடாது என்று தீர்ப்பாகி, தாமதம் வைக்கும் அந்த இடத்தை எல்லாப் பெட்டியிலும் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள்.

நியாயமான தீர்ப்பு என்றுதான் சுகந்தி நினைத்தாள். அந்த மகனை நினைத்து அருவருப்பும் பட்டாள்.

ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு, துண்டால் முடியைத் துவட்டியபடி அறைக்குள் வந்தபோது பெட்டி சொன்னது: "ஈரத்தல. எப்பவும் இப்படித்தான் அழகா இருப்பா." சுகந்தி கையில் துண்டுடன் நின்றுவிட்டாள். எப்பவும் என்றால் எத்தனை வருஷமாக என்று கேட்க வாய் வரவில்லை. பூபதி, திருடும்போது பிடிபட்டவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவள் அந்த வாக்கியத்தை வீடெங்கும் தூக்கிக்கொண்டு திரிந்தாள். சேர்ந்து வாழ்ந்த காலமெல்லாம் இந்த மனுஷன் இன்னும் எதையெதை விழுங்கினார் என்ற யோசனையும் கூடவே வந்தது.

அதற்கு விடை அடுத்த வாரம் கிடைத்தது. ஈரத்துணியால் அவர் உடம்பைத் துடைத்து, புரட்டி, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். "இவ கையில கெடக்கறது புடிக்கல" என்றது பெட்டி. கோபமில்லாமல், வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னது. அவள் விரிப்பின் நான்கு மூலையையும் செருகிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கதவைச் சாத்தத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம், அவர் கண்ணயர்ந்த பிறகு, தையல் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து பெட்டியை நிறுத்தினாள். மூடியைக் கழற்றினாள். வெள்ளை டேகுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். தடித்த கேபிள் கட்டு அவிழ்ந்து காற்று வரும் வழியில் தொங்கியது. அதை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு மூடியை அழுத்தி மாட்டினாள். சூடேறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று நிலோஃபர் போகிறபோக்கில் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. நான் எந்த வார்த்தையையும் அழிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த மகன் செய்ததும் இதுவும் ஒன்றல்ல. வெறும் கேபிள்.

மறுநாளிலிருந்து பெட்டி யோசித்துப் பேசியது. தொண்டையைச் செருமிக்கொள்வது போல விசிறிச் சத்தம் ஏறும். அதன் பிறகுதான் சொல் வரும். தானாக வந்து விழுவது நின்றுபோயிற்று. பூபதி மறுபடியும், இடது கையால் தடுமாறி, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தண்ணீர் வேண்டும் என்றார், பேப்பரைப் படித்துக் காட்டு என்றார். சுகந்தி தலைக்குக் குளித்துவிட்டு இரண்டு தரம் அறைக்குள் வந்து பார்த்தாள். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி சக்கரம் வைத்த ஒரு குட்டை மேசையில், கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும் என்பது நிலோஃபரின் கட்டளை. காலையில் சுகந்தி இழுத்துச் சரியாக வைத்தால் மத்தியானத்தில் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். வீடு பெருக்க வரும் ஜெபாவின் வேலைதான் என்று அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள்.

"நான் அதுங்கிட்டயே போறதில்லம்மா" என்றாள் ஜெபா. "எப்ப எதைச் சொல்லுமோ. எங்கப்பன் போதையில பேசுனதைக் கேட்டே பாதி ஆயுசு போச்சு. இதுக்கு வேற நான் காது குடுக்கணுமா?"

சுகந்தி நம்பவில்லை. இனி அந்த மூலையைப் பெருக்கவே வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகும் மேசை நகர்ந்தது. வயசாகித் தனக்கே மறதி வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தாள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் முற்பகல், பூபதி எதையோ சொல்ல ஆரம்பித்தார். முதல் எழுத்து வந்தது. விசிறி அலறியது. பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. சுகந்தி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் கவிந்த அமைதி, அவள் டேகை வெட்டி வாங்கிய அமைதி இல்லை. பூபதி வாயைத் திறந்தார். காற்றும் ஒரு முனகலும் வந்தன. தண்ணீரா என்றாள், தலையணையா என்றாள், வலிக்கிறதா என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார், இல்லை என்று. கேட்பதற்கு வேறு கேள்வி அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குப் பிடிக்காத அந்தக் கையால் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தட்டு கருகியிருந்தால் இனி ஆயுசுக்கும் இப்படித்தான். அதைச் செய்த கத்தரிக்கோல் பக்கத்து அறையில், தையல் டப்பாவில், நூல்கண்டுகளுக்கு நடுவே சும்மா கிடந்தது.

போன் போட்டதும் நிலோஃபர் வந்துவிட்டாள். மூடியைக் கழற்றியதும் வழக்கமாக ஓடும் அவள் வாய் நின்றது. டார்ச்சை வாங்கித் தானே அடித்துப் பார்த்தாள். பிளக் ஒருபக்கம் சாய்ந்து, ஓரம் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. கேபிள் கட்டு விசிறிக்கு முன்னால் தோரணம் மாதிரி தொங்கியது. அறுந்த டேக் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டு நேராக இருந்தது. கேபினட்டைத் திருப்பி, பின்பக்கக் கம்பிவலையில் விரலை வைத்துத் தேய்த்தாள். விரலில் சுவரின் வெள்ளை ஒட்டியது.

தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கார்டும் தப்பியது, பிளக்கும் கேபிளும்தான் போயிற்று என்று அவள் சொன்ன பிறகுதான் சுகந்தி மூச்சு விட்டாள்.

"சூட்டுல டேக் விட்டுப்போறதும் உண்டுக்கா" என்றாள் நிலோஃபர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சுகந்தி அந்தப் பொய்யை மறுக்கவில்லை. அவளால் முடிந்தது. நாக்கு அவள் வசத்தில் இருந்தது.

நிலோஃபர் புதுக் கேபிள் போட்டு, பழையபடி தகட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டி, மேசையைச் சுவரைவிட்டு நகர்த்தி, சுவிட்சைப் போட்டாள். "ஏதாவது பேசுங்க சார். டெஸ்ட்டுக்குத்தான்" என்றாள்.

பெட்டி புதிதாகக் கட்டிய நாளின் வேகத்தில் இருந்தது.

"வந்துருச்சு. கொரல் வந்துருச்சு. போயிருச்சுன்னு பயந்தேன். டேக் விட்டுப்போவல. சுகந்தி வெட்டுனா. கத்தரிக்கோல் சத்தம் கேட்டுச்சு. தூங்கல நான். சொல்லக் கூடாது. குளிக்கிற ரூம்ல அழுதுட்டு வந்து வெட்டுனா. அவ நல்ல வேலைதான் பண்றான்னு படுத்திருந்தேன். ஆனா பத்தல. உள்ள இன்னும் என்னென்னமோ வந்துச்சு. அதான் செவுத்துல தள்ளுனேன். எடது காலால. தெனம் அவ இழுப்பா, நான் தள்ளுவேன். ஜெபாதான் பாவம். சொல்லாத. சொல்லாதன்னு சொல்றேன், கேக்கவே மாட்டேங்குதே…"

பூபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். உதட்டுக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை.

நிலோஃபர் எட்டி ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தாள். தரையில் கிடந்த திருகாணிகளை ஒரு மூடியில் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டே பேசினாள். "நான் போற வீட்டுலயெல்லாம் ஏதாவது ஒண்ணு குறுக்க நிக்கும்க்கா. ஒரு வீட்டுல துண்டு. ஒரு வீட்டுல தலகாணி. ஒரு வீட்டுல பின்னாடி பெரிய முருகர் படம். தூசி, எலின்னு சொல்லுவாங்க, நானும் ஆமான்னு சொல்லிட்டு வருவேன். கூட இருக்கறவங்க வேலைன்னுதான் ரொம்ப நாளா நெனச்சேன்."

"இல்லையா?"

"பாதிக்குப் பாதி பேசறவங்களே."

சுகந்தி பூபதியைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை என்பது பார்க்காமலே தெரிந்தது.

இரண்டு தலைமுறைக்கு முந்தைய கார்டு ஒன்று கடையில் இருப்பதாக நிலோஃபர் சொன்னாள். சின்னது, மின்சாரம் கம்மி, சூடும் கம்மி. கேபிளும் மெல்லிசு, பெட்டிக்குள் இடம் தாராளமாக இருக்கும், கருகவே கருகாது. பூட்டிய இடத்தைத் தொடக் கூடாது என்பதுதான் தீர்ப்பு. சின்ன கார்டு போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"பெரிய கார்டு நெனப்பு மொளைக்கும்போதே புடிச்சிரும். சின்னதுக்கு அவ்வளவு வேகம் வராது. அவரு விடாம புடிச்சுவச்சு நெனைக்கறது மட்டும்தான் வெளிய வரும். மத்ததெல்லாம் அதுபாட்டுக்கு உள்ளயே போயிரும். ஆனா சாரைத்தான் கேக்கணும்" என்று கட்டில் பக்கம் திரும்பினாள். "என்ன சார், போட்டுரலாமா?"

"போடு. இப்பவே போடு. வேணாம். ஈரத்தல போயிரும். அதை நான் வாயால சொல்ல மாட்டேன், எனக்கு வராது. போனா போவுது. போவ வேணாம். அவளைக் கேளு."

நிலோஃபருக்கு ஈரத்தலை என்றால் என்னவென்று புரியவில்லை. புரிய வேண்டியவளுக்குப் புரிந்தது.

ஈரத்தலையைச் சொன்னதும், அவள் கையில் கிடப்பது பிடிக்கவில்லை என்றதும் ஒரே கேபிள் வழியாக, ஒரே வேகத்தில் வந்தவை என்று சுகந்தி நினைத்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைத் தள்ள வழியில்லை. வைத்துக்கொள்வதானால், இந்த மனுஷனின் மூடாத கதவுக்கு வெளியே ஆயுசு முழுக்க நின்றுகொண்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும். பூபதியின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. அவளுக்கு ஒன்று தோன்றினால் முந்தானையில் முடிந்துகொண்டு சமையலறைக்குப் போய்விடலாம். அவரால் எங்கே போக முடியும்?

"சின்னதையே போட்டுரு நிலோஃபர்" என்றாள்.

நிலோஃபர் கடைக்குப் போய்க் கார்டை எடுத்துவரக் கிளம்பினாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அறையில் இருவரும், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியும் மட்டும் இருந்தார்கள்.

தன் கையைப் பற்றிச் சுகந்தியிடம் ஒரு கேள்வி இருந்தது. இப்போது கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். நிலோஃபர் திரும்பி வருமுன் கேட்டுவிட வேண்டும். அப்புறம் எந்த நாளும் கிடைக்காது. சுகந்தி அதை நினைக்கிறாள் என்பது பூபதிக்கும் தெரிந்திருந்தது. முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். நாயைப் பார்த்துப் பயந்த குழந்தையின் பார்வை மாதிரி இருந்தது. பெட்டி தாழ்ந்த குரலில் தொடங்கியது: "கேக்கப் போறா…"

சுகந்தி எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு மூடித் தேங்காயைத் துருவி, பொட்டுக்கடலையும் மிளகாயும் சேர்த்து மிக்ஸியில் போட்டு ஓட்டினாள். அறையிலிருந்து அவர் குரல், சொற்கள் பிரியாமல், விடாமல் வந்துகொண்டிருந்தது. மிக்ஸியை இன்னும் ஒரு சுற்று கூட்டினாள். சட்னி விழுதாகி, சூடாகி, ஜாரின் ஓரத்தில் எண்ணெய் விடும்வரை ஓட்டினாள். வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்பது தெரிந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

அடுத்த வாரம் கலாவதியைப் போய்ப் பார்த்து, பெட்டி கெட்டுப்போயிருந்தது, இப்போது சரிசெய்தாயிற்று என்று சுகந்தி சொல்லிவிட்டு வந்தாள். கலாவதி பாயசத்துடன் வந்தாள், அழுதாள், போர்வையில் மூக்கைத் துடைத்தாள். பூபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பாயசம் நல்லா இருக்குக்கா" என்றார். ஜெபா இப்போது அந்த மூலையையும் பெருக்குகிறாள். மேசை வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சுகந்தி தலைக்குக் குளித்துவிட்டு, முடியைத் துவட்டியபடி அறைக்குள் வந்தாள். பூபதி அவளைப் பார்த்தார். இடது கையால் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் ஒரு பக்கத்தைத் துடைத்தார், மறுபக்கத்தைத் துடைத்தார், மாட்டிக்கொண்டார். பெட்டியின் விசிறி லேசாகச் சுற்றியது. அதற்குள் கேபிள் ஓர் ஓரமாக, நேராக, எதையும் தொடாமல் போய்க்கொண்டிருக்கும். சுகந்தி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"காபி இருக்கா?" என்றது அவர் குரல்.

"போடறேன்" என்று சொல்லிவிட்டு, முடியைக் கட்டாமலே சமையலறைக்குப் போனாள்.